வெடிப்பில் ஒட்டிய வேட்டித் துணி

மாவுக்கட்டைப் பிரித்த அன்று என் வலது கையை எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஆறு வாரம் உள்ளே கிடந்த கை. தோல் வெளுத்து உரிந்திருந்தது, மணிக்கட்டு ஒரு பக்கமாகப் புடைத்திருந்தது, விரல்களை மடக்கினால் பாதியிலேயே நின்றுவிட்டன. தேநீர்க் குவளையைத் தூக்க முடியவில்லை. ஜூலை மழையில் வாசல்படிப் பாசி வழுக்கி, கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. நடந்தது அவ்வளவுதான்.

கும்பகோணத்தில் பிறந்த நான் 1989-ல் என் கணவரின் வேலை நிமித்தம் கொல்கத்தாவுக்கு வந்தேன். அன்று முதல் சால்ட் லேக்தான் வீடு. இங்கே முகவரிக்குத் தெருப்பெயர் சொல்ல மாட்டார்கள். எந்த பிளாக், எந்த ஐலண்ட், எத்தனையாம் நம்பர் தண்ணீர்த் தொட்டி என்றுதான் கேட்பார்கள். தென் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பக்கம் போனால் தமிழ்ச் சத்தம் கேட்கும், வாழையிலையும் மல்லிகையும் கிடைக்கும். எங்கள் பகுதியில் அது குறைவு. இத்தனை வருஷத்தில் சமையலும் கணக்கும் எனக்குத் தமிழில், வருத்தமும் சந்தோஷமும் பாதி வங்காளத்தில் என்று ஆகிவிட்டது.

பிசியோதெரபி சொல்லித்தர வந்த பெண் பந்தை அமுக்கச் சொன்னாள், கையைத் திருப்பச் சொன்னாள். ஒரு வாரம் கழித்து அவளே சொன்னாள்: "காகிமா, பந்தையே அமுக்கிக்கிட்டிருந்தா நீங்க விட்டுடுவீங்க. கைக்குப் பிடிச்ச வேலை ஒண்ணு வெச்சுக்கோங்க. நுணுக்கமா வேண்டாம். மணிக்கட்டு முழுசா அசையற மாதிரி இருக்கட்டும்."

எனக்குத் தெரிந்தது கோலம். பென்சிலில் கொஞ்சம் வரைவேன். இரண்டும் விரல் நுனி வேலை, அப்போது முடியாதவை. பேலட் கத்தியால் பசையை அள்ளிப் பலகையில் பூசி மேடுபள்ளமாக வரையும் அக்ரிலிக் ஓவியத்தைப் பிறகுதான் யோசித்தேன். அந்தக் கத்தியை உள்ளங்கையில் பிடித்தால் போதும், தோசை திருப்பியைப் போல. விரல் நடுங்கினாலும் பசை தாங்கும்.

அக்ரிலிக் என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். எண்ணெய் வண்ணத்தில் நிறப்பொடியைப் பிடித்து வைப்பது எண்ணெய். அக்ரிலிக்கில் அந்த வேலையைச் செய்வது தண்ணீரில் மிதக்கும் மிகச் சிறிய பிளாஸ்டிக் துகள்கள். தண்ணீர் ஆவியாகப் போகப்போகத் துகள்கள் நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டி ஒரே படலமாகிவிடும். காய்ந்தபின் தண்ணீர் பட்டாலும் கரையாது. ஈரத்தில் அந்தக் கலவை பால்போல வெளுத்திருக்கும், காய்ந்ததும் கண்ணாடிபோலத் தெளிந்துவிடும். அதனால் குழைக்கும்போது பார்த்த நிறத்தைவிடக் காய்ந்த நிறம் ஒரு படி அடர்த்தியாக இருக்கும். புதிதாகத் தொடங்குகிற எல்லோரும் இதில் ஏமாறுவார்கள். தண்ணீரில் குழைக்கும் அக்ரிலிக் வண்ணங்கள் ஓவியர்களுக்கென்று கடைக்கு வந்தது 1950-களின் நடுவில், அமெரிக்காவில். எண்ணெய் வண்ணத்துக்கு முன்னால் இது குழந்தை.

மேடுபள்ளத்துக்கு வேண்டியது மாடலிங் பேஸ்ட். அதே அக்ரிலிக் பிசினில் சலவைக்கல் பொடி கலந்த கெட்டிப் பசை. சுவர்ப் பட்டியும் ஃபெவிகாலும் கலந்து வீட்டிலேயே செய்கிறவர்கள் உண்டு. கெட்டிப் பலகையில் அது நிற்கும். வளையும் கேன்வாஸ் துணியில் நாளடைவில் உதிரும், அதனால் அதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

நான் எடுத்தது எட்டு அங்குலத்துக்கு எட்டு அங்குலம், எம்.டி.எஃப். பலகை. சிறியதாக எடுத்ததற்குக் காரணம் கைதான், அரை மணிக்கு மேல் வலி தாங்காது. ஜெஸோ என்ற வெள்ளைப் பூச்சை இரண்டு கை பூசி, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்தேன். வீட்டுக்கு பெயின்ட் அடிக்கிறவர்கள் பட்டி பார்த்துத் தேய்ப்பார்களே, அதே வேலைதான். உப்பு ஏரி என்று பேர் வைத்த ஊரில் உட்கார்ந்து உப்புத்தாள் தேய்க்கிறோம் என்பது அப்போது மனதில் ஓடியது. இந்த ஊரில் உப்புக்குப் பஞ்சமில்லை. மழைக்காலத்தில் சுவர் ஓரம் பூச்சு பொரிந்து, வெள்ளைப் பொடி பூத்து நிற்கும். வங்காளிகள் அதை "நோனா பிடித்துவிட்டது" என்பார்கள். எத்தனை முறை சுரண்டிப் பூசினாலும் அடுத்த மழைக்குத் திரும்ப வரும்.

என்ன வரைவது? நம்பிக்கை என்று நினைத்து உட்கார்ந்தால் கைக்கு முதலில் வருவது சூரியோதயம். எனக்கும் அதுதான் வந்தது. நடுவில் சூரியன், பக்கத்தில் ஒரு பறவை. கீழே நிலத்துக்குப் பசையைத் தாராளமாக அள்ளி அரை அங்குலத்துக்கு அப்பினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் காலை நிலத்தின் குறுக்கே ஆற்றுப்படுகை போல ஒரு வெடிப்பு. நடுவில் ஓடி இரண்டாகக் கிளைத்திருந்தது.

காரணம் பிறகு புரிந்தது. கனமாகப் பூசினால் மேல்தோல் முதலில் காய்ந்து இறுகும். உள்ளே தண்ணீர் மிச்சமிருக்கும். அது மெல்ல ஆவியாகும்போது உள்ளே சுருங்கும், இறுகிப்போன மேல்தோலால் கூடவே சுருங்க முடியாது, கிழியும். செப்டம்பர் மாதக் கொல்கத்தாக் காற்றே ஈரத்துணி மாதிரி இருக்கும். அதில் அரை அங்குலப் பசையை ஒரே மூச்சில் அப்பியது என் தப்பு. இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் ஒரு தடவையில் பூசக் கூடாது, ஒன்று முழுதும் காய்ந்த பிறகுதான் அடுத்தது. காய்ந்ததா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. புறங்கையை அதன்மேல் வையுங்கள். ஜில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது.

அன்று நான் அழுதேன். பலகைக்காக மட்டும் இல்லை. கும்பகோணத்திலிருந்து தம்பி போன் பண்ணினான். "அக்கா, கை எப்படி இருக்கு?" என்றான். "அப்படியேதான்டா இருக்கு" என்று வைத்துவிட்டேன்.

கீழ்வீட்டு மாஷிமாவுக்கு எண்பதைத் தாண்டிய வயசு. பாரிசாலில் பிறந்தவர். எழுபதுகளில் இங்கே வீடு கட்டி வந்தபோது சாயங்காலம் நரி ஊளையிடும், சுற்றிலும் காஷ் புல் வெள்ளையாகப் பூத்திருக்கும் என்று சொல்லுவார். கண் அழுத்த நோயால் இப்போது பார்வை பெரும்பாலும் போய்விட்டது. பலகை வெடித்த கதையைச் சொன்னேன். "வெடிப்பை ஒட்டறது எப்படின்னு குமார்துலியில போய்க் கேளு. அவங்களுக்கு வருஷா வருஷம் இதே வேலைதானே" என்றார்.

உல்டாடாங்கா போய், அங்கிருந்து சோவாபஜார் ஆட்டோ பிடித்துப் போனேன். துர்கா பூஜைக்கு மூன்று வாரம் இருந்தது, மண் சிலை செய்கிறவர்கள் வாழும் குமார்துலியின் சந்துகளில் நடக்க இடமில்லை. மூங்கிலும் வைக்கோலும் கட்டிய உருவத்துக்கு "காட்டாமோ" என்று பேர். ரத யாத்திரை அன்று அதற்குப் பூஜை போட்டு வேலையைத் தொடங்குவார்கள். வைக்கோலைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, உமி கலந்த பிசுபிசுப்பான களிமண்ணை முதலில் பூசுவார்கள். பிறகு மெல்லிய மண். காய்ந்ததும் சுண்ணமண் வெள்ளையைப் புளியங்கொட்டைப் பசையில் கலந்து அடிப்பார்கள். அதன்மேல்தான் நிறம். மழை விடாத வருஷத்தில் தீச்சுடர் காட்டிக் காயவைப்பதையும் பார்த்திருக்கிறேன்.

ஒரு பட்டறையில் வயதான கலைஞர் ஒருவர் அம்மன் தோளில் ஓடிய வெடிப்பை ஒட்டிக்கொண்டிருந்தார். கிழிந்த பருத்தித் துணியை விரல் அகலத்துக்குக் கிழித்து, கூழ்போலக் கரைத்த மண்ணில் முக்கி, வெடிப்பின் மேல் படியவைத்து, ஈரவிரலால் நீவினார். துணி மறைந்துபோனது.

"தாதா, திரும்ப வெடிக்காதா?" என்று கேட்டேன்.

"மண்ணுன்னா வெடிக்கும் தீதி" என்றார் தலை நிமிராமல். "வெடிக்க வெடிக்க ஒட்டுவோம். துணி பிடிச்சுக்கும்."

எனக்கு உடனே எங்கள் ஊர்ப் பக்கத்து வேலை நினைவுக்கு வந்தது. தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பலகைப் படம் என்றும் பேர் உண்டு. பலா மரப் பலகையில் துணியைக் கோந்தால் ஒட்டி, அதன்மேல்தான் பூச்சு. நகையும் தூணும் புடைத்து நிற்பதற்குச் சுக்கான் பொடியும் கோந்தும் குழைத்த மக்கு வைப்பார்கள். சின்ன வயதில் நான் பார்த்து வளர்ந்ததும் மேடுபள்ள ஓவியம்தான், அதன் அடியிலும் துணிதான். பேர்தான் இப்போது டெக்ஸ்சர் என்று மாறியிருக்கிறது.

அவரிடம் கேட்டு ஒரு பிடி கங்கை மண் வாங்கி வந்தேன். அதை வீணாக்கக் கூடாது என்று தோன்றியதற்குக் காரணம் நான் இப்போது வாழும் ஊரின் கதை. சால்ட் லேக் 1962-க்கு முன்னால் வெறும் உப்புநீர்ச் சதுப்பு. முதலமைச்சர் பிதான் சந்திர ராய் காலத்தில் யூகோஸ்லாவிய நிறுவனம் ஒன்று வேலையைத் தொடங்கியது. கங்கையின் கிளையான ஹூக்ளி ஆற்றின் அடியில் படிந்த வண்டலைத் தண்ணீரோடு கலக்கி, குழாய் வழியாக இங்கே கொண்டுவந்து கொட்டினார்கள். தண்ணீர் வடிந்தது, வண்டல் தங்கியது, அதன்மேல் அடுத்த படிவு. வேலை தொடங்கிய அதே வருஷம் ஜூலையில் ராய் காலமானார். டோப்ரிவோயே டோஷ்கோவிச் என்ற யூகோஸ்லாவியத் திட்டக்கலைஞர் வரைந்த நகரம் பிறகு மெல்ல எழுந்தது. பிதான் ராய் பேரால் இதற்குப் பிதான் நகர் என்று பேர். ஆற்றுவண்டலைப் படிவு படிவாகக் காயவிட்டு எழுப்பிய தரையில் உட்கார்ந்துகொண்டு, ஒரே நாளில் அரை அங்குலம் அப்பப் பார்த்திருக்கிறேன்.

பூஜை வந்தது, போனது. பிளாக் பூங்காவில் பத்தாம் நாள் அம்மனை லாரியில் ஏற்றும்போது எல்லோரும் கத்தினார்கள், "ஆஷ்சே பொச்சோர் ஆபார் ஹோபே" என்று. வருகிற வருஷம் மறுபடி நடக்கும் என்று அர்த்தம். முப்பது வருஷத்துக்கு மேல் கேட்ட சத்தம்தான், அந்த வருஷம் எனக்குக் கொஞ்சம் வேறு மாதிரி கேட்டது. சில நாள் கழித்துக் குமார்துலிப் படித்துறைக்குப் போனேன். மண் கரைந்து, நிறம் கரைந்து, வைக்கோலும் மூங்கிலுமாகக் காட்டாமோக்கள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. பையன்கள் அவற்றை இழுத்துக் கரை சேர்த்துக்கொண்டிருந்தார்கள். கழுவிக் காயவைத்து விற்பார்கள். நல்லதாக இருந்தால் அடுத்த வருஷம் அதே கூட்டின் மேல் புது மண் ஏறும்.

சூரியனும் பறவையும் இனி வேண்டாம், இந்தக் காட்டாமோதான் என்று அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன். என்னைப் பொறுத்தவரை இந்த ஊரில் நம்பிக்கைக்கு இதைவிட நேரான படம் கிடையாது.

அந்த நாட்களில் ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜியைப் பற்றி அதிகம் யோசித்தேன். 1904-ல் பிறந்தவர். சின்ன வயதிலிருந்தே ஒரு கண்ணில் பார்வை கிடையாது, இன்னொன்றிலும் பார்வை மோசம். அந்தக் கண்ணோடுதான் சாந்திநிகேதன் ஹிந்தி பவனச் சுவர்களில் 1946-47-ல் பக்திக் காலத்து மகான்களைப் பெரிய சுவரோவியமாக வரைந்தார். நம் இராமானுசரும் அதில் இருக்கிறார். 1950-களின் பிற்பகுதியில் கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மிச்சப் பார்வையும் போயிற்று. அதன்பின் இருபது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார், வேலையை நிறுத்தவில்லை. காகிதத்தை வெட்டி ஒட்டினார், மெழுகில் உருவம் பிடித்தார், கலாபவனத்தில் ஓடுகள் பதித்த சுவர் ஒன்றைச் செய்தார். அவரிடம் படித்த சத்யஜித் ராய் 1972-ல் அவரைப் பற்றி 'தி இன்னர் ஐ' என்று ஒரு குறும்படம் எடுத்தார். அதில் அவர் விரல்கள் தடவித் தடவி வேலை செய்வதைப் பார்த்தால், தொட்டறியும் ஓவியம் எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

கலைஞர் சோம்நாத் ஹோரையும் சொல்ல வேண்டும். 1943 பஞ்சத்தைக் கண்ணால் பார்த்துக் கோட்டோவியமாகப் பதிந்தவர். எழுபதுகளில் 'காயங்கள்' என்ற வரிசையில் நிறமே இல்லாமல் செய்தார். களிமண் தகட்டைக் கத்தியால் கீறி, அதிலிருந்து சிமென்ட் அச்சு எடுத்து, அதில் காகிதக் கூழை அழுத்தினார். வெள்ளைத் தாளில் வெள்ளை வடு, வேறெதுவும் கிடையாது. பார்த்த பிறகு என் பலகையிலிருந்த வெடிப்பை மூடி மறைக்க மனம் வரவில்லை.

நவம்பரில் காற்று உலர்ந்ததும் அதே பலகையை எடுத்தேன். தூக்கி எறியாமல் வைத்திருந்தேன். அக்ரிலிக்கில் உள்ள பெரிய வசதி இது, காய்ந்ததன்மேல் எத்தனை முறையும் பூசலாம். என் கணவருடைய பழைய வேட்டியிலிருந்து விரல் அகலத்துக்கு மூன்று துண்டு கிழித்தேன். அக்ரிலிக் மீடியத்தில், அதாவது நிறமில்லாத அந்தப் பிசினில், முக்கி வெடிப்பின் மேல் ஒட்டி நீவினேன். வெடிப்பின் கரைகள் மட்டும் இரண்டு புடைப்பாகத் தெரியும்படி விட்டேன். கங்கை மண்ணை வாணலியில் வறுத்து ஈரம் போக்கி, டீ வடிகட்டியில் சலித்து, மீடியத்தோடு குழைத்தேன். மண் கூடினால் காய்ந்தபின் பொடியாக உதிரும். ஒட்டுகிற பிசின் தாராளமாக இருக்க வேண்டும். அதை மெல்லியதாக நாலு தடவை, இரண்டு நாளுக்கு ஒரு தடவை பூசினேன். சேறு வந்தது. காட்டாமோவுக்குக் கோணிச் சாக்கிலிருந்து சணல் இழைகளை உருவி, பசை ஈரமாக இருக்கும்போதே கத்தி முனையால் அழுத்தினேன். சாய்ந்த தோள், மடங்கிய முழங்கால், தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வைக்கோல் முடிச்சு. அந்த முடிச்சுக்கு மட்டும் மூன்று நாள் ஆயிற்று. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர மறுத்தன. மூன்றாம் நாள் சேர்ந்தன.

நிறம் கடைசியில். தண்ணீராகக் கரைத்த அடர் பழுப்பைப் பலகை முழுவதும் ஓடவிட்டு, ஈரத்துணியால் துடைத்தேன். மேடுகள் வெளுத்து, பள்ளங்களில் கறுப்பு தங்கியது. அல்ட்ராமரின் நீலமும் பர்ண்ட் சியன்னாவும் சேர்த்தால் ஹூக்ளிச் சேற்றின் நிறம் அப்படியே வரும், கறுப்பு வாங்கத் தேவையில்லை. பிறகு உலர்ந்த தூரிகையில் கொஞ்சமே எல்லோ ஓக்கர் தொட்டு, மேடுகளின் முகட்டில் மட்டும் உரசினேன். ஒவ்வொரு சணல் இழையும் எழுந்து நின்றது. வானம் சாம்பல். அடியில் கத்தியின் ஓரத்தால் வெள்ளையும் ஓக்கரும் கலந்த ஒரு கோடு, ஒரே இழுப்பில்.

தூரிகை கழுவிய தண்ணீரைத் தொட்டியில் கொட்டாதீர்கள் என்று இங்கேயே கேட்டுக்கொள்கிறேன். அக்ரிலிக் பிளாஸ்டிக். இந்த நகரத்தின் கழிவுநீர் கிழக்கே போய், 2002 முதல் ராம்சார் பட்டியலில் உள்ள கிழக்குக் கொல்கத்தா ஈரநிலத்தில் மீன் குளங்களை நிரப்புகிறது. அந்த மீன்தான் நம் தட்டுக்குத் திரும்ப வருகிறது. நான் ஒரு பழைய டப்பாவில் ஊற்றி வைத்து, தண்ணீர் வற்றியதும் அடியில் படிந்ததைக் காகிதத்தில் வழித்துக் குப்பையில் போடுகிறேன்.

ஒரு வாரம் காயவிட்டு, மேட் வார்னிஷ் அடித்து, கீழே மாஷிமாவிடம் எடுத்துப் போனேன். மடியில் வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அவர் விரல் சேற்றின் மேல் ஊர்ந்தது, வெடிப்பின் இரண்டு கரையிலும் நின்றது, சணலைத் தொட்டது, தோள் வழியாக முடிச்சுக்குப் போனது.

"காட்டாமோ" என்றார். "விசர்ஜனம் முடிஞ்ச பிறகு."

கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. "இங்க ஏன் மண்ணு ரெண்டா இருக்கு?"

"வெடிச்சிடுச்சு மாஷிமா. ஒட்டியிருக்கேன்."

"நல்லா ஒட்டியிருக்கே" என்றார்.

படம் இப்போது அவர் வீட்டில், அவர் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டியிருக்கிறது. என் மணிக்கட்டு முழுதாகத் திரும்புவதில்லை, மழை வந்தால் வலிக்கும். தேநீர்க் குவளையைத் தூக்குகிறேன், ஞாயிற்றுக்கிழமை கோலம் போடுகிறேன்.

நீங்களும் ஒரு பலகை வாங்குங்கள், எட்டு அங்குலம் போதும். பசையை மெல்லியதாகப் பூசுங்கள். வெடித்தால் எறிந்துவிடாதீர்கள், எல்லோர் வீட்டிலும் ஒரு பழைய வேட்டி இருக்கும்.